சொந்தக் காணியில் பனிக்குள் மான் வேட்டை: கொழும்பில் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

வெள்ளவத்தையில் கனடாவில் சொந்தக்காரர் இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தச் சொந்தக்காரர்களில் சிலர் இப்போது ரொறன்ரோவின் சந்தடி போதும் என்று வெளியே போய்ப் பண்ணைக் காணி வாங்குகிறார்கள், அதில் ஓரிருவர் துவக்கு லைசன்ஸும் எடுத்துக் குளிர்காலத்தில் மான் வேட்டைக்கு இறங்குகிறார்கள். என் அத்தான் அப்படி ஒருவர், காணி ஒன்ராறியோவில், கிங்ஸ்டனுக்கு வடக்கே. நான் அங்கே போகும்போது அவரோடு காட்டுக்குள் நிற்பேன், துவக்கைத் தொடுவதில்லை. அவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டால் போதும், காலி வீதியில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிட்டேன். வேறு இடம் என்று சொல்லாத வரை இங்கே உள்ளதெல்லாம் ஒன்ராறியோ நிலவரம். திகதிகளும் கட்டணங்களும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மாகாண அரசு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் வேட்டை விதிகளின் சுருக்கத்தைப் பார்க்காமல் யாரும் காட்டுக்குள் காலை வைக்கக்கூடாது.

சொந்தக் காணிதானே, பிறகு எதற்கு லைசன்ஸ்?

எல்லாருடைய முதல் கேள்வியும் இதுதான். காணி உங்களுடையது, மான் உங்களுடையது அல்ல. காட்டு மான் உங்கள் வேலிக்குள் பிறந்து உங்கள் அப்பிள் மரத்தையே தின்று வளர்ந்தாலும் அது பொதுச் சொத்து, அதன் பொறுப்பு மாகாண அரசிடம். அதனால் 100 ஏக்கரும் உங்கள் பெயரில் இருந்தாலும், பக்கத்து ஊரிலிருந்து வரும் வேட்டைக்காரருக்கு என்ன பத்திரம் தேவையோ ஏறக்குறைய அதே பத்திரங்கள் உங்களுக்கும் தேவை. முதலில் வேட்டைக் கல்விப் பாடம் படித்துப் பரீட்சையில் தேற வேண்டும். அப்புறம் அவுட்டோர்ஸ் கார்ட் என்ற அட்டை, அதன் மேல் மான் லைசன்ஸ், அதோடு வரும் டேக் என்ற சீட்டு. துவக்குக்கு இது எதுவும் போதாது, அது மத்திய அரசின் தனி லைசன்ஸ்: பாதுகாப்புப் பாடம், பரீட்சை, விண்ணப்பம், முதல் தடவை எடுப்பவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு.

டேக் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு டேக், ஒரு மான். சாதாரண டேக்கில் கொம்புள்ள கிடாயைத்தான் சுடலாம். கொம்பில்லாத மானைச் சுட, அதாவது பெண் மானையோ குட்டியையோ சுட, தனி ஒதுக்கீடு வேண்டும், அது எல்லாருக்கும் கிடைக்காது. எத்தனை பெண் மான் குறையலாம் என்பதுதான் அடுத்த ஆண்டு எத்தனை மான் இருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது, அதனால் அந்தக் கதவை மட்டும் அரசு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. விழுத்திய உடனே, அந்த இடத்திலேயே, டேக்கில் குறி வெட்ட வேண்டும். பருவம் முடிந்ததும், ஒன்றும் சுடாவிட்டாலும், அறிக்கை கொடுக்க வேண்டும்.

அப்படியென்றால் சொந்தக் காணி இருந்து என்ன லாபம்?

நிறைய இருக்கிறது. கொழும்பில் நாம் காணியைப் பேர்ச்சில் எண்ணுகிறவர்கள், ஒரு ஏக்கருக்கு 160 பேர்ச், எனவே 100 ஏக்கர் என்பது 16,000 பேர்ச் என்று சொன்னால்தான் அளவு பிடிபடும். அவ்வளவு நிலத்தில் எந்தச் சரிவில் மான் படுக்கும், எந்த வேலி இடுக்கால் குதிக்கும், காற்று எந்தப் பக்கம் இருந்து வந்தால் எங்கே இருக்கக்கூடாது என்பதெல்லாம் நில உரிமையாளருக்கு ஆண்டு முழுவதும் பார்த்துப் பழகிய விஷயம். பொதுக் காட்டில் மரத்துக்குப் பின்னால் வேறொரு துவக்கு இருக்குமோ என்ற பயம் இருக்கும், இங்கே அது குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை, எல்லை தாண்டி வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

அது எந்த மான்? நம் புள்ளிமான் மாதிரியா?

வெள்ளைவால் மான். வாலைத் தூக்கினால் அடிப்பக்கம் பளீரென்று வெள்ளை, ஓடும்போது தெரிவது அது மட்டும்தான். நம் புள்ளிமானுக்கு ஆயுள் முழுக்கப் புள்ளி இருக்கும், இதற்குக் குட்டிப் பருவத்தில் மட்டும். வளர்ந்த கிடா 100 கிலோவைத் தொடும், சிலது தாண்டும், ஆனால் நம் மரையின் கனத்துக்குக் கிட்ட வராது. திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் மான்கள் ஆட்களுக்கு நடுவே அலைவதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதையும் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். வேட்டை நடக்கும் காணியில் உள்ள வெள்ளைவால் மான் உங்கள் மூச்சுச் சத்தத்துக்கே போய்விடும்.

எப்போது? ஸ்னோ நிச்சயம் இருக்குமா?

நிச்சயமில்லை. படங்களில் பார்ப்பதுபோல முழங்கால் அளவு ஸ்னோவில் எப்போதும் வேட்டை நடப்பதில்லை. தென் ஒன்ராறியோவில் துவக்குப் பருவம் மிகக் குறுகியது, நவம்பரில் சில நாள், பல பகுதிகளில் டிசம்பர் தொடக்கத்தில் இன்னும் சில நாள். வில்லுக்குத்தான் நீண்ட பருவம், ஒக்டோபரில் தொடங்கிப் பல இடங்களில் டிசம்பர் முடியும் வரை. நவம்பரில் மான்கள் சோடி சேரும் காலம், கிடாய்கள் புத்தி கெட்டு அலையும், ஆனால் தரை காய்ந்த இலையாகவே இருக்கலாம். டிசம்பரில் ஸ்னோ கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் அதற்குள் மான்கள் துவக்குச் சத்தம் கேட்டுத் தெளிந்திருக்கும். நேரமும் கணக்குத்தான்: சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரை. டிசம்பரில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், இரவில் லைட் அடித்துச் சுடுவது குற்றம்.

ஸ்னோ இருந்தால் வேட்டை சுலபமா?

பாதி சுலபம், பாதி கஷ்டம். சுலபமான பாதியை முதலில் சொல்கிறேன், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

காய்ந்த தரையில் மான் போனதே தெரியாது. ஸ்னோ விழுந்த மறுநாள் காலையில் காணி முழுக்க எழுதி வைத்திருக்கும், யார் வந்தார், எந்தப் பக்கம் போனார், நடந்தாரா ஓடினாரா, எங்கே நின்று திரும்பிப் பார்த்தார் என்று. இரண்டாகப் பிளந்த குளம்பின் கூரான முனைதான் போன திசை. ஆழமான ஸ்னோவில் முனை தெரியாது, அப்போது கால் எடுக்கும்போது தெறித்த ஸ்னோ எந்தப் பக்கம் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும், போன பக்கம் அது. நான்கு காலும் ஒரு கூட்டமாகப் பதிந்து, அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு மறுபடி ஒரு கூட்டம் என்றால் பாய்ந்து ஓடியிருக்கிறது, அந்தக் கூட்டத்தில் முன்னால் பதிந்திருப்பவை பின்னங்கால்கள்.

தடம் புதிதா பழசா என்பதுதான் பெரிய கேள்வி. அத்தான் செய்வது இதுதான்: அந்தத் தடத்துக்குப் பக்கத்தில் கையால் ஒரு பள்ளம் போடுவார், அப்புறம் இரண்டையும் தொட்டுப் பார்ப்பார். இரண்டும் ஒரே மாதிரி பொடியாக உதிர்ந்தால் மான் தூரத்தில் இல்லை. தடத்தின் உட்பக்கம் இறுகிப்போய், விளிம்பு மழுங்கி, உள்ளே புதுத் துகள் விழுந்திருந்தால் நேற்றைய சமாச்சாரம், அதன் பின்னால் நடப்பது உடற்பயிற்சிக்கு நல்லது.

படுக்கை இன்னொரு அறிகுறி. மான் படுத்து எழுந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு குழி, அடியில் உடம்புச் சூட்டில் உருகி மறுபடி உறைந்த மெல்லிய ஐஸ். பெரிதும் சிறிதுமாக இரண்டு மூன்று குழிகள் சேர்ந்திருந்தால் தாயும் குட்டிகளும். ஒரே ஒரு பெரிய குழி தனியாக இருந்தால் கிடாயாக இருக்கலாம் என்று ஆசைப்படலாம்.

இனி கஷ்டமான பாதி. உங்களுக்கு மான் தெரிவதுபோல, வெள்ளைப் பின்னணியில் அசையும் நீங்களும் மானுக்குத் தெரிவீர்கள். மேலே ஒரு பக்கு கட்டிய ஸ்னோ என்றால் ஒவ்வொரு அடியும் அப்பளம் நொறுக்கும் சத்தம், அன்றைக்கு நடக்கவே கூடாது, ஓரிடத்தில் இருந்துவிட வேண்டும். புதிதாக, ஈரமில்லாமல், மெதுவாக விழுந்துகொண்டிருக்கும் ஸ்னோதான் நடப்பதற்கு நல்லது, சத்தத்தையே விழுங்கிவிடும். அப்புறம் தடத்தின் மேலேயே நடந்து போகிறவருக்கு மான் கிடைப்பது அரிது, அது தான் வந்த வழியைப் பார்த்தபடிதான் படுக்கும். பழகியவர்கள் தடத்துக்கு ஒரு பக்கமாக விலகி, காற்று முகத்தில் அடிக்கும்படி வளைந்து போவார்கள். பெரிய புயல் அடிக்கும்போது மான் படுத்தே கிடக்கும், புயலுக்குச் சற்று முன்பும் ஓய்ந்த உடனேயும் தின்ன வெளியே வரும், அந்த நேரத்தை விடக்கூடாது என்பது அங்குள்ள பழைய வேட்டைக்காரர்கள் எல்லாரும் சொல்வது.

தடத்தைப் பார்த்தே ஆணா பெண்ணா என்று சொல்லலாமா?

சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச ஸ்னோவில் பெரிய கிடா காலை இழுத்து நடக்கும், பெண் மான் தூக்கி வைக்கும் என்பார்கள். ஆழமான ஸ்னோவில் எல்லா மானும் காலை இழுக்கத்தான் செய்யும். தடத்தை நம்பி டேக்கை வெட்ட முடியாது, கொம்பைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஸ்னோ மிக ஆழமானால் மான் எங்கே போகும்? பாவம், தீனி போடலாமா?

அரை மீற்றர் ஆழத்தைத் தாண்டினால் மானுக்கு நடையே போராட்டம். அப்போது சீடர், ஹெம்லொக் போன்ற பச்சை மாறாத மரங்கள் அடர்ந்த இடங்களில் கூட்டமாகப் போய்ச் சேரும். மேலே கிளைகள் ஸ்னோவைத் தாங்கிக்கொள்வதால் கீழே ஆழம் குறைவு, காற்றும் குறைவு, எல்லாம் ஒரே பாதையில் நடந்து நடந்து பாதையும் இறுகிவிடும். ஒன்ராறியோவில் லோரிங் என்ற ஊர்ப் பக்கம் இப்படிக் கூடும் இடம் பேர் போனது. வேட்டைப் பருவம் பெரும்பாலும் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது, முடியத்தான் வேண்டும். அடைபட்டு நிற்கும் மானைச் சுடுவதை நான் வேட்டை என்று சொல்லமாட்டேன்.

தீனி போடுவது நல்ல மனசுதான், ஆனால் செய்யாதீர்கள். குளிர்காலத்தில் மானின் வயிறு மரக்கொப்பும் மொட்டும் செரிக்கப் பழகியிருக்கும், திடீரென்று சோளத்தை மூட்டையாகக் கொட்டினால் வயிற்றில் அமிலம் ஏறி, வயிறு நிறைந்தபடியே சாகும். குளிருக்கு அதற்கு நம் உதவி தேவையில்லை. அதன் குளிர்கால ரோமம் உள்ளே குழல்போல வெற்றிடம் உள்ளது, சூடு அவ்வளவாக வெளியே போவதில்லை, அதனால் முதுகில் விழுந்த ஸ்னோகூட உருகாமல் கிடக்கும்.

செம்மஞ்சள் அங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்களே, மான் பார்த்துவிடாதா?

மானுக்குச் செம்மஞ்சள் நம் கண்ணுக்குத் தெரிவதுபோலத் தெரியாது. நீலப் பக்கத்து நிறங்கள்தான் அதற்கு எடுப்பாகத் தெரியும், அதனால் நீல ஜீன்ஸும், வெள்ளையை மேலும் வெள்ளையாக்கும் சவர்க்காரத்தூளில் தோய்த்த உடுப்பும்தான் ஆபத்து. அங்கி மானுக்காக அல்ல, மற்ற வேட்டைக்காரனுக்காக. துவக்குப் பருவத்தில் இடுப்புக்கு மேல் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெரியும்படி குறைந்தது 2,580 சதுர சென்ரிமீற்றர் செம்மஞ்சள், அதோடு தலையிலும் செம்மஞ்சள், இது சட்டம். சொந்தக் காணி என்று சொல்லிக் கழற்ற முடியாது. பார்க்க மட்டும் போகிறவரும் போடுங்கள், குண்டுக்குப் பார்வையாளர் யார் என்று தெரியாது.

நம்மால் அந்தக் குளிரைத் தாங்க முடியுமா?

முடியும், ஆனால் கொழும்பில் இருந்து நினைக்கிற மாதிரி ஒரு பெரிய ஜக்கெற் போட்டால் சரி என்பதல்ல. குளிரைவிட வியர்வைதான் எதிரி. நடக்கும்போது வியர்க்கும், அப்புறம் மரத்தடியில் அசையாமல் உட்காருவீர்கள், அந்த ஈரம் உடம்புச் சூட்டை உறிஞ்சும். பருத்தி உடுப்பு ஈரமானால் காயவே காயாது, எனவே உள்ளே பருத்தி வேண்டாம், கம்பளியோ செயற்கை இழையோ போடுங்கள், மேலே மேலே மெல்லிய அடுக்குகளாக. நடக்கும்போது ஒன்றிரண்டைக் கழற்றிப் பையில் வையுங்கள், உட்கார்ந்ததும் போடுங்கள். பேச்சு குழறினால், நடுக்கம் தானாக நின்றுவிட்டால், அது பழகிவிட்டது என்று அர்த்தமில்லை, உடனே சூடான இடத்துக்குப் போக வேண்டும் என்று அர்த்தம்.

கைபேசியை உள் சட்டைப்பையில் உடம்போடு வையுங்கள், வெளியே வைத்தால் பற்றரி கண் முன்னே இறங்கும். விசில், திசைகாட்டி, லைற்றர், காய்ந்த காலுறை ஒரு சோடி. ஸ்னோ மூடிய குளத்தின் மேல் நடக்காதீர்கள், குறிப்பாக பீவர் என்ற நீர்விலங்கு அணை கட்டிய குளம். தெளிவான ஐஸ் 10 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் ஓர் ஆள் நடக்கலாம் என்பார்கள், மேலே ஸ்னோ கிடந்தால் ஐஸ் எவ்வளவு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று, இதை வயதானவர்கள் கவனிக்க வேண்டும். விழுந்த மானை ஸ்னோவுக்குள் இழுத்து வருவது கடும் வேலை, குளிரும் அந்த இழுவையும் சேர்ந்து இதயத்தைப் பிடிக்கும். பிளாஸ்ரிக் சறுக்குத் தட்டில் ஏற்றி இழுங்கள், இருவராக இழுங்கள், நெஞ்சு அடைத்தால் மானை விட்டுவிட்டு உட்காருங்கள்.

துவக்குக்கு குளிரில் ஏதாவது ஆகுமா?

எண்ணெய் தடித்துவிடும், குதிரை அடித்தும் வெடி வெடிக்காமல் போகலாம், அதனால் குளிர்காலத்துக்கு எண்ணெயை நன்றாகத் துடைத்துவிடுவார்கள். குழல் வாயில் ஸ்னோ அடைத்தால் அது விளையாட்டில்லை, சுடும்போது குழலே வெடிக்கலாம். வாயில் ஒரு துண்டு ரேப் ஒட்டுவது வழக்கம், சந்தேகம் வந்தால் குண்டைக் கழற்றிப் பார்க்க வேண்டும். குளிரில் இருந்து நேரே சூடான வீட்டுக்குள் கொண்டுபோனால் உள்ளும் புறமும் வியர்த்து, மறுநாள் வெளியே எடுத்ததும் உறைந்து நிற்கும். உறைக்குள் வைத்தே கொண்டுபோய் மெதுவாகச் சூடேற விடுங்கள். வேலி தாண்டும்போதும் மரத்தில் ஏறும்போதும் குண்டு உள்ளே இருக்கக்கூடாது.

ஸ்னோமொபைலில் துரத்திச் சுடலாமா?

இல்லை. வாகனத்தில் குண்டு நிரப்பிய துவக்கு இருப்பதே குற்றம், ஸ்னோமொபைலும் வாகனம்தான், சொந்தக் காணி என்பது இங்கேயும் உதவாது.

மானுக்கு எங்கே சுட வேண்டும்? அடிபட்டு ஓடிவிட்டால்?

பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், அங்கேதான் இதயமும் சுவாசப்பையும். அந்த நிலையில் நிற்காவிட்டால் சுடக்கூடாது, அவ்வளவுதான். மானுக்குப் பின்னால் மண் மேடு இருக்க வேண்டும், ரைபிள் குண்டு கிலோமீற்றர் கணக்கில் போகும், ஸ்னோ கொட்டும்போது பின்னால் வீடு இருப்பதே தெரியாது. அசைவைப் பார்த்தோ சத்தத்தைக் கேட்டோ சுடுகிறவனோடு காட்டுக்குள் போகாதீர்கள், அவன் உங்கள் சொந்தத் தம்பியாக இருந்தாலும்.

சரியாகப் பட்ட மானும் பெரும்பாலும் அந்த இடத்திலேயே விழாது, ஓடும். ஸ்னோவில் இரத்தம் கதை சொல்லும். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் சுவாசப்பை, அரை மணி பொறுத்துப் போனால் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம் விட வேண்டும். இரத்தம் கொஞ்சமாக, பச்சையாகத் தின்றது கலந்து, நாற்றத்தோடு என்றால் வயிற்றில் பட்டிருக்கிறது, அது மிக மோசம், ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ பொறுக்க வேண்டும். உடனே துரத்தினால் அது எழுந்து எழுந்து ஓடும், படுக்க விட்டால் முதலில் படுத்த இடத்திலேயே உயிர் போகும்.

இங்கேதான் ஸ்னோ சிக்கலாக்குகிறது. காத்திருக்க வேண்டும், ஆனால் மேலே இருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு மணி நேரத்தில் தடமும் இரத்தமும் மூடிவிடும், இருட்டிவிட்டால் கயோட்டி என்ற காட்டு நாய்கள் முந்திவிடும். இதற்கு நேரான விடை இல்லை. அத்தானின் வழக்கம், ஸ்னோ பலமாகக் கொட்டும் நாளில் தூரத்தில் நிற்கும் மானுக்கோ அந்தி நேரத்திலோ சுடுவதே இல்லை என்பது. நான் கேட்ட பதில்களில் உருப்படியானது இதுதான். மற்ற நாட்களில் ஸ்னோ ஒரு சாட்டையும் மிச்சம் வைக்காது, தடம் கண் முன்னே கிடக்கிறது, போய்த்தான் ஆக வேண்டும். ஒன்ராறியோவின் 1997 ஆம் ஆண்டு மீன், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: காயப்பட்ட விலங்கை எடுக்க நியாயமான முயற்சி செய்ய வேண்டும், தின்னக்கூடிய இறைச்சியைக் கெட விடக்கூடாது.

தடம் அடுத்தவர் காணிக்குள் போனால்? நில்லுங்கள். மரத்தில் சிவப்பு அடையாளம் இருந்தால் உள்ளே நுழையவே தடை, மஞ்சள் என்றால் குறிப்பிட்ட சில காரியங்களுக்கு மட்டும் அனுமதி. அடையாளம் இல்லாவிட்டாலும் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்பதுதான் முறை. அம்பு பட்ட விலங்கு இந்தப் பக்கம் வந்ததா என்று தினைப்புனத்தில் போய்க் கேட்பது நம் பழைய அகப்பாட்டில் தலைவன் பேச்சுக் கொடுக்கப் பிடிக்கும் சாட்டு. அங்கே அதைத் துவக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போய்க் கேட்டால் நல்லது.

நான் விசிற் விசாவில் போகிறேன், ஒரு வெடி வைக்கலாமா?

வெளிநாட்டவருக்கும் லைசன்ஸ் உண்டு, ஆனால் முன்பு வேட்டைத் தகுதி பெற்றதற்கான அத்தாட்சி காட்ட வேண்டும், கட்டணமும் பல மடங்கு. கொழும்பில் இருந்து போகிற நமக்கு அந்த அத்தாட்சி எங்கே இருக்கிறது? கூடப் போய்ப் பார்க்கலாம். ஆனால் கவனம், சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டுமல்ல, தேடுவதும் துரத்துவதும் பின்தொடர்வதும் வேட்டைதான். கை தட்டி மானைக் கலைத்து விடுங்கள் மச்சான் என்று யாராவது சொன்னால், துவக்கு இல்லாமலே நீங்கள் லைசன்ஸ் இல்லாத வேட்டைக்காரர் ஆகிவிடுவீர்கள்.

பிள்ளைகள்?

12 வயதிலிருந்து, பெற்றோர் சம்மதத்தோடு, பயிற்சி பெற்று, பெரியவரின் நேரடிக் கண்காணிப்பில் பழகலாம். விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துப்போகாதீர்கள், அந்தக் குளிரில் இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல் இருக்கச் சொன்னால் அதுவே தண்டனை.

இறைச்சி எப்படி? நம் முறையில் சமைக்கலாமா?

நன்றாகவே சமைக்கலாம், ஆனால் ருசி சட்டியில் தொடங்குவதில்லை, காட்டில் தொடங்குகிறது. விழுந்த உடனே குடலை எடுத்து வயிற்றைத் திறந்து ஆற விட வேண்டும், ஸ்னோ நாளில் இது சுலபம். அப்புறம் 0 முதல் 4 பாகைக்குள் கொட்டிலில் சில நாள் தொங்க விடுவார்கள், அப்போதுதான் இறைச்சி இளகும். கடும் குளிரில் கல்லாக உறைந்துவிட்டால் இளகாது, அதைப் பலர் கவனிப்பதில்லை. உயிருடன் இருந்த எடையில் எலும்பு நீக்கிய இறைச்சி மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடத் தேறும்.

மான் கொழுப்பை முழுக்க வெட்டி எறியுங்கள், ஆறினால் மெழுகு மாதிரி வாயில் ஒட்டும். நடு முதுகுத் துண்டைக் கறி வைத்து வீணாக்காதீர்கள், மிளகும் உப்பும் போட்டுச் சூடான சட்டியில் சீக்கிரம் புரட்டி எடுங்கள். தோள், கால், கழுத்து எல்லாம் யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்குத்தான் பிறந்தது, ஆட்டிறைச்சியைவிட நேரம் எடுக்கும், கொழுப்பில்லாததால் தேங்காய்ப்பால் கொஞ்சம் தாராளமாக. அக்கா வைக்கும் கறியில் பெருஞ்சீரகம் தூக்கலாக இருக்கும், இதற்கு அது பொருந்துகிறது.

ஈயக் குண்டு பட்டால் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகள் காயத்தைச் சுற்றிப் பரவியிருக்கும், அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டிவிடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கவே வேண்டாம், செம்புக் குண்டு பாவித்தால் இந்தக் கவலை இல்லை. மான் இனத்தை உருக்குலைக்கும் மூளை நோய் ஒன்று அல்பேர்ட்டா, சஸ்காச்சுவான் பக்கம் பரவியிருக்கிறது, 2018 இல் கியூபெக்கில் ஒரு மான் பண்ணையிலும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, இருந்தாலும் நோய் உள்ள மானைத் தின்ன வேண்டாம் என்பதுதான் சுகாதாரத் துறைகளின் அறிவுரை. மெலிந்து, வாய் வடிந்து, தள்ளாடும் மானைக் கண்டால் சுட்டு வீட்டுக்குக் கொண்டுவராமல் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

மிச்ச இறைச்சியை ஸ்காபரோவில் விற்கலாமா?

கூடாது, காட்டு மான் இறைச்சியை விற்பது குற்றம். சும்மா கொடுக்கலாம். கொடுத்துப் பாருங்கள், இவ்வளவு சொந்தக்காரர் இருந்தார்களா என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

பாவம் இல்லையா?

இதை அம்மா கேட்டார், அம்மாவிடம் நான் வாதாடவில்லை. மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் கேட்டால் அந்தக் கேள்விக்கு மரியாதை உண்டு. வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள், அவளைத் தேடி முருகன் வேடனாக வந்தான், கண்ணப்பர் தான் வேட்டையாடிய இறைச்சியையே சிவனுக்குப் படைத்தார். இரண்டு பக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தைச் சந்தையில் கோழியைத் தோலுரித்து வெட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டே இதைக் கேட்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. தென் ஒன்ராறியோவில் ஓநாய் அனேகமாக இல்லை, மான் பெருகினால் காட்டின் இளங்கன்றுகளை எல்லாம் தின்று, வீதியில் கார்களில் மோதி, கடைசியில் பட்டினியில் சாகும். அது வேட்டைக்குச் சொல்லும் காரணம்தான், எல்லா வேட்டைக்காரரும் அதற்காகத்தான் போகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அத்தான் இறைச்சிக்காகவும் காட்டுக்காகவும் போகிறார், அதை மறைப்பதும் இல்லை.

அப்போ இங்கே வன்னியில் என் சொந்தக் காணியில் மான் வந்தால்?

தொடாதீர்கள். 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை, தனியார் காணியில் சுட்டாலும் குற்றம், இறைச்சியை விற்பதும் வைத்திருப்பதும் மாட்டிவிடும். அங்கே பருவமும் டேக்கும் ஒதுக்கீடும் இருக்கின்றன, இங்கே அந்த ஏற்பாடே இல்லை, எனவே கனடாவில் மச்சான் சுடுகிறார் என்பது வாதமே அல்ல. ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் நுவரெலியா மலைகளில் நாய்க்கூட்டத்தோடு மரையைத் துரத்தினார்கள், சாமுவேல் பேக்கர் என்பவர் அதில் பேர் போனவர், ஆனால் அந்தக் காலம் முடிந்தது. கட்டுத்துவக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: கம்பி தட்டினால் வெடிக்கும் அந்தப் பொறி மான் எது, விறகு பொறுக்கப் போன கிழவி எது என்று பார்ப்பதில்லை. அதை வைக்கிறவனை வேட்டைக்காரன் என்று அழைக்காதீர்கள்.

கொம்பையோ கொஞ்சம் இறைச்சி வத்தலையோ கொழும்புக்குக் கொண்டுவரலாமா?

வத்தல் வேண்டாம். இறைச்சிப் பொருளுக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், கட்டுநாயக்கவில் அதைப் பறித்து வீசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். கொம்பு என்றால் இன்னும் தலையிடி, இலங்கையில் மான் கொம்பு வைத்திருப்பதே கேள்விக்குரிய விஷயம், இது வெளிநாட்டு மான் என்று சுங்க மேசையில் நின்று நிரூபிக்க வேண்டியது நீங்கள். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடமும் சுங்கத்திடமும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பதில் வாங்காமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள். எனக்கும் அத்தான் ஒரு சோடிக் கொம்பு தந்தார். அவருடைய கொட்டிலிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன், இப்போது அதில் அவர் தொப்பி தொங்குகிறது.